உஸ்மான் ரோடு யாருடைய பெயர்?

(மரக்காணத்தில் இளைஞர்களும் வணிகப் பெருமக்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூட்டம் தொடங்குவதற்கு முன் தேநீர் குடித்துக் கொண்டிருந்தோம். ஒரு தம்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டார்: “நம் சமுதாயத்திற்கு ஒரு கவர்னர் பதவியாவது கேட்டு வாங்கக் கூடாதா?” நல்ல கேள்வி. ஆத்திரத்தோடு கேட்கவில்லை, ஏக்கத்தோடு கேட்டார். நான் எழுதிக்கொண்டு வந்த பேச்சை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன். இன்றைக்கு அந்தத் தம்பியின் கேள்விக்கே பதில் சொல்லிவிட்டுப் போகிறேன்.

தம்பி, நமக்குக் கவர்னர் கிடைத்திருக்கிறார். இன்று நேற்றல்ல, 1934-லேயே கிடைத்தார். சென்னை மாகாணத்தின் கவர்னர் ஆசனத்தில் அமர்ந்த முதல் இந்தியர் ஒரு முஸ்லிம். அவர் பெயரை நீங்கள் ஆண்டுக்கு இரண்டு முறையாவது உச்சரிக்கிறீர்கள். ரமலான் பிறை பதினைந்து தாண்டிவிட்டால் இங்குள்ள ஜவுளி வியாபாரிகள் பஸ் ஏறி எங்கே போகிறீர்கள்? தியாகராய நகர். பனகல் பூங்காவில் இறங்கி எந்தத் தெருவில் நடக்கிறீர்கள்? உஸ்மான் ரோடு. வடக்கு உஸ்மான் ரோடு, தெற்கு உஸ்மான் ரோடு என்று பில் புத்தகத்தில் எழுதுகிறோம். அந்த உஸ்மான் யார் என்று நான் எத்தனையோ கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். “கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களின் பெயரை வைத்திருக்கிறார்கள்” என்று ஒரு பெரியவர் சொன்னார். “யாரோ கடைக்காரர் பாய்” என்று ஓர் இளைஞர் சொன்னார். இரண்டும் இல்லை.

சர் முகம்மது உஸ்மான். 1884-ல் பிறந்தவர், தஞ்சாவூரைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பம். சென்னை கிறித்துவக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றார். யூனானி வைத்தியம் அறிந்தவர். சென்னை நகரசபையில் உறுப்பினராகப் பொதுவாழ்வைத் தொடங்கினார். நீதிக்கட்சியைச் சேர்ந்தவர். பேச்சில் நிதானம், யாரோடும் பகை கொள்ளாத போக்கு, ஆட்சியாளரோடு மோதாத அரசியல். அந்தக் காலத்தில் மிதவாதி என்று யாரைச் சொன்னார்களோ, அதற்கு இவரை அளவுகோலாக வைக்கலாம்.

1920-ஆம் ஆண்டை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். மாண்டேகு செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின்படி சட்டசபைக்கு முதல் தேர்தல் வருகிறது. காங்கிரஸும் கிலாபத் இயக்கத்தாரும் அந்தத் தேர்தலைப் புறக்கணிக்கிறார்கள். உஸ்மான் நின்றார், வென்றார், சட்டசபைக்குள் போனார். ஒத்துழையாமை அறைகூவலைக் கேட்டு, திருநெல்வேலி பேட்டையில் பிறந்த ஒரு மாணவர் பி.ஏ. தேர்வை எழுதாமலே கல்லூரியை விட்டு வெளியேறினார். அந்த மாணவர்தான் பின்னாளில் நம்முடைய கண்ணியமிகு காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிப் (ரஹ்). ஒரே காலம், ஒரே மாகாணம், ஒரே சமுதாயம். ஒருவர் வாசல் வழியே உள்ளே போகிறார், ஒருவர் வெளியே வருகிறார். இருவரில் யார் செய்தது சரி என்று சட்டென்று தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். நானும் சொல்லப் போவதில்லை. உள்ளே போனவர் என்ன செய்தார் என்று முதலில் பார்ப்போம்.

1921-ல் பனகல் அரசர் முதலமைச்சராக இருந்தபோது, நாட்டு வைத்தியத்தைப் பற்றி ஆராய ஒரு குழு அமைத்தார்கள். அதற்குத் தலைவர் உஸ்மான். இதன் பின்னணி உங்களுக்குத் தெரிய வேண்டும். 1914-ல் சென்னை மாகாணத்தில் மருத்துவர் பதிவுச் சட்டம் வந்தது. ஆங்கில மருத்துவம் படித்தவர் மட்டுமே அந்தப் பதிவேட்டில் ஏற முடியும். நம் ஹகீம்களும், ஊர் ஊராகச் சூரணமும் லேகியமும் கொடுத்து மக்களைக் காத்த சித்த வைத்தியர்களும், ஆயுர்வேத வைத்தியர்களும் அரசாங்கத்தின் கண்ணுக்கு வைத்தியர்களே அல்ல. அதற்குச் சற்றுப் பின் நாட்டு மருந்துகளை ஆராய டாக்டர் கோமான் என்பவரை அரசு நியமித்தது. அவருடைய அறிக்கை நாட்டு வைத்தியத்திற்குச் சாதகமாக இல்லை. வைத்தியர்கள் கொதித்துப் போயிருந்தார்கள். இந்தச் சூழலில்தான் உஸ்மான் குழு வருகிறது.

இந்தக் குழு செய்த காரியத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. வைத்தியர்களை எழுதித் தரச் சொன்னார்கள், அவரவர் மொழியில் எழுதலாம் என்று விட்டார்கள். தமிழில் வந்தது, தெலுங்கில் வந்தது, சமஸ்கிருதத்தில் வந்தது, உருதுவில் வந்தது. ஒரு கிராமத்துச் சித்த வைத்தியர், ஆங்கிலம் ஓர் எழுத்துத் தெரியாதவர், தன் தொழிலின் நியாயத்தைத் தமிழில் எழுதி அனுப்ப, அது அரசாங்க அறிக்கையில் அச்சேறியது. 1923-ல் அறிக்கை வெளிவந்தது. குழுவின் செயலாளர் ஜி. சீனிவாசமூர்த்தி ஆங்கில மருத்துவம் படித்த டாக்டர். ராணுவத்தில் கேப்டனாக இருந்தவர். சித்தம், ஆயுர்வேதம், யூனானி மூன்றுக்கும் அறிவியல் அடிப்படை உண்டு, அரசு ஆதரிக்க வேண்டும் என்று அந்த அறிக்கை சொன்னது. 1920-களின் நடுவில் சென்னையில் அரசாங்கமே இந்திய மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது. சீனிவாசமூர்த்தியே அதற்குத் தலைமை ஏற்றார். மூன்று முறைகளும் ஒரே கூரையின் கீழ்.

இதில் யூனானிக்கு மட்டும் ஒரு பங்கு கேட்டு வாங்கிக்கொண்டு உஸ்மான் எழுந்து போயிருக்கலாம். “நம்ம வைத்தியம் பிழைத்தது” என்று சமுதாயமும் கைதட்டியிருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. மூன்றையும் ஒன்றாக நிறுத்தினார். மூன்றையும் ஒன்றாக நிறுத்தியதால்தான் யூனானியும் நின்றது என்பது என் கருத்து. பாளையங்கோட்டையில் 1964-ல் சித்த மருத்துவக் கல்லூரி வந்தது, சென்னை அரும்பாக்கத்தில் 1979-ல் யூனானி மருத்துவக் கல்லூரி வந்தது, தாம்பரம் சானடோரியத்தில் 2005-ல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் வந்தது. 2020-ல் நோய்த்தொற்றுக் காலத்தில் தெருமுனையில் பந்தல் போட்டுக் கபசுரக் குடிநீர் கொடுத்தோமே, நம் பள்ளிவாசல் வாசல்களிலும் கொடுத்தோமே, அந்தக் குடிநீருக்கு அரசு அங்கீகாரம் இருந்தது என்றால் அந்தப் பாதையின் ஆரம்பத்தில் இந்த மனிதர் நிற்கிறார்.

1924, 25-ல் சென்னை நகரசபையின் தலைவர். தியாகராய நகர் உருவான காலம் அது. பழைய மாம்பலத்து ஏரியைத் தூர்த்து மனை போட்டார்கள். அதனால்தான் அந்தத் தெருவுக்கு அவர் பெயர். பக்கத்திலேயே ஹபிபுல்லா ரோடு இருக்கிறது, அவரும் நம்மவர்தான். பின்னாளில் திருவிதாங்கூர் திவானாக இருந்த சர் முகம்மது ஹபிபுல்லா. அது வேறு கதை, இன்னொரு நாள் பேசுவோம்.

1925 முதல் 1934 வரை உஸ்மான் கவர்னரின் நிர்வாக சபையில் உறுப்பினர். இந்த இடத்தில் இளைஞர்கள் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்து அமைச்சர்கள் சட்டசபைக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள். நிர்வாக சபை உறுப்பினர் அப்படியல்ல. மேலிருந்து நியமிக்கப்பட்டவர். போலீஸ், வருவாய் போன்ற துறைகள் இந்த நியமன சபையின் கையில். சட்டசபை எவ்வளவு சத்தம் போட்டாலும் இவர்கள் நாற்காலி ஆடாது. 1928-ல் சர் பட்டம், 1933-ல் அதற்கும் மேலான பட்டம்.

அந்த ஒன்பது ஆண்டுகளின் நடுவில்தான் 1930 வருகிறது.

மரக்காணத்து மக்களுக்கு உப்பைப் பற்றி நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. பாத்தியில் தண்ணீர் கட்டி, வெயிலில் காய வைத்து, பலகையால் வாரி, அம்பாரம் போட்டு, மழைக்கு முன் ஓலை போட்டு மூடும் வரை எத்தனை பேர் காலில் வெடிப்பு விழுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். கழுவெளியும் கடலும் சேரும் இந்த மண்ணில் உப்பு என்பது சோறு. வெள்ளைக்காரன் ஆட்சியில் இந்தப் பாத்தியிலிருந்து வரி கட்டாமல் ஒரு கைப்பிடி அள்ளினால் குற்றம். பக்கிங்ஹாம் கால்வாய் வழியே இங்கிருந்து படகேறிச் சென்னைக்குப் போன ஒவ்வொரு மூட்டையின் மேலும் வரி இருந்தது.

1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி திருச்சியிலிருந்து ஏறத்தாழ நூறு தொண்டர்களோடு வேதாரண்யத்திற்கு நடந்தார். அப்போது அது தஞ்சை மாவட்டம். கலெக்டர் தார்ன் என்ன உத்தரவு போட்டார் தெரியுமா? நடந்து வருகிறவர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை, தங்க இடம் கொடுத்தால் தண்டனை. மக்கள் என்ன செய்தார்கள்? உணவுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு ஒதுங்கிக் கொண்டார்கள். ஏப்ரல் 30 அன்று அகத்தியம்பள்ளியில் உப்பு அள்ளிய ராஜாஜி கைதானார். ஆறு மாதச் சிறை.

உஸ்மானின் பூர்வீகமும் அதே தஞ்சை. அவர் அந்த நாட்களில் எங்கே இருந்தார்? சென்னைக் கோட்டையில், அந்த அரசாங்கத்தின் நிர்வாக சபையில் இருந்தார். உப்பு வரி டெல்லி அரசாங்கத்தின் விவகாரம் என்று வாதாடலாம். போலீஸ் இன்னொருவர் பொறுப்பு என்று சொல்லலாம். வக்கீல் வாதமாக அது நிற்கும். ஆனால் உப்பு அள்ளியவன் முதுகில் விழுந்த தடி மாகாண அரசாங்கத்தின் தடி. அவர் அந்த அரசாங்கத்தில் ஒருவர். அவர் ராஜினாமா செய்யவில்லை. நூறு வழி நடந்து பார்த்தும் இந்த இடத்தில் என்னால் அவருக்காகப் பரிந்து பேச முடியவில்லை. நம்மவர் என்பதால் மூடி மறைக்கவும் மாட்டேன். மிதவாதம் ஒரு குணம். எல்லாத் தரப்பையும் உட்கார வைத்துக் கேட்கிறபோது, வைத்தியக் குழுவில் கேட்டாரே, அப்போது அது பெரும் பலம். சோற்றுப் பொட்டலத்தை மரத்தில் கட்டிய மக்களுக்கு எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் இருந்தபோது, அதே குணம் அவருக்குக் கடனாக ஆகிவிட்டது.

நியாயத்திற்கு இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். 1920-களின் இறுதியில் அரசு வேலைகளுக்கு வகுப்புவாரி உரிமை நடைமுறைக்கு வந்தது. பன்னிரண்டு இடங்களில் இரண்டு முஸ்லிம்களுக்கு. அதன் பெருமை அமைச்சர் முத்தையா முதலியாருக்கு உரியது. உஸ்மான் அந்த அரசில் இருந்தவர், அவ்வளவுதான். 2007-ல் தமிழ்நாட்டில் நமக்கு மூன்றரை சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது, அதன் பழைய வேர் அந்தப் பன்னிரண்டில் இரண்டு என்பதைப் பலர் மறந்துவிட்டோம்.

இனிக் கவர்னர் பதவிக்கு வருவோம். தம்பி ஆவலோடு காத்திருக்கிறார். 1934-ல் வைஸ்ராய் வில்லிங்டன் விடுமுறையில் போனார். அவருக்குப் பதிலாக வைஸ்ராய் வேலையைப் பார்க்கச் சென்னை கவர்னர் ஸ்டான்லி போனார். சென்னையில் நாற்காலி காலி. நிர்வாக சபையின் மூத்த உறுப்பினர் தற்காலிகமாக அமர வேண்டும் என்பது விதி. மே 16 முதல் ஆகஸ்ட் 16 வரை, சரியாக மூன்று மாதம், சர் முகம்மது உஸ்மான் கவர்னர். முதல் இந்தியர். இரண்டு ஆண்டு கழித்து 1936-ல் சர் கே.வி. ரெட்டி நாயுடு இதே போல அமர்ந்தார்.

அந்த மூன்று மாதத்தில் என்ன நடந்தது? பெருமைப்பட்டுச் சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஸ்டான்லி திரும்பி வந்த ஐந்தாம் நாள், ஆகஸ்ட் 21 அன்று, மேட்டூர் அணையைத் திறந்து வைத்தார். இன்றைக்கும் அந்த நீர்த்தேக்கத்திற்கு ஸ்டான்லி பெயர். ஐந்து நாள் முன்னால் திறந்திருந்தால் கல்வெட்டில் உஸ்மான் பெயர் இருந்திருக்கும். காவிரி டெல்டாவின் பிள்ளை அவர்! ஆனால் கல்வெட்டு என்பது இப்படித்தான். அணை கட்டியவன் மண் சுமந்த கூலி, பெயர் அன்றைக்கு யார் நாற்காலியோ அவருக்கு.

அதன் பிறகும் அவருக்குப் பதவிகள் வந்தன. 1940 முதல் 42 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1942-ல் வைஸ்ராயின் நிர்வாக சபையில் தபால், விமானத் துறை உறுப்பினர். அந்த ஆகஸ்டில் “வெள்ளையனே வெளியேறு” போராட்டம். காங்கிரஸ் தலைவர் மௌலானா அபுல்கலாம் ஆசாத் கைதாகி, அகமது நகர் கோட்டைச் சிறையிலும் பிறகு வேறு சிறையிலுமாக ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தார். இரண்டு முஸ்லிம்கள், ஒருவர் சிறையில், ஒருவர் சிறை வைத்த அரசின் சபையில். 1960 பிப்ரவரி 1-ல் உஸ்மான் மறைந்தார்.

உப்பு வரி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 1947 பிப்ரவரியில் இடைக்கால அரசின் நிதிப் பொறுப்பில் இருந்த லியாகத் அலி கான் தம்முடைய பட்ஜெட்டில் அந்த வரியை எடுத்தார். முஸ்லிம் லீகர்! பின்னாளில் பாகிஸ்தானின் முதல் பிரதமர். அந்த ஒரு காரணத்தாலேயே இந்தச் செய்தியை இங்கே யாரும் சொல்வதில்லை. வரலாறு நம் வசதிக்கு நடக்கவில்லை, நாம்தான் வசதிக்கு மறக்கிறோம்.

சுதந்திரத்திற்குப் பிறகு கவர்னர் பதவியே வேறு. நம்முடைய சட்டப்படி அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டியவர் அவர். சொந்த மாநிலத்துக்காரரை அங்கேயே கவர்னராக்குவதில்லை என்பதும் வழக்கமாகிவிட்டது. ஆகவே, தம்பி, மரக்காணத்திலிருந்து ஒருவர் கவர்னராகப் போனால் அவர் மரக்காணத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது, பீகாருக்கோ மணிப்பூருக்கோ போய்விடுவார்!

1997 ஜனவரியில் நமக்கு வந்த கவர்னர் நீதிபதி பாத்திமா பீவி. பத்தனம்திட்டாவில் ராவுத்தர் குடும்பத்தில் 1927-ல் பிறந்தவர். 1950-ல் வழக்கறிஞர் தேர்வில் முதலிடம் வந்து தங்கப் பதக்கம் வாங்கியவர். கீழ்க்கோர்ட் முன்சீப்பாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறி, 1989-ல் உச்சநீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி ஆனார். சிபாரிசுக் கடிதம் தூக்கிக்கொண்டு போய் வாங்கிய இடமல்ல அது. நம் பெண் பிள்ளைகளை எட்டாம் வகுப்போடு நிறுத்துகிற வாப்பாமார்கள் அந்த அம்மையாரின் தகப்பனாரை நினைத்துப் பார்க்க வேண்டும். மகளைச் சட்டம் படி என்று அனுப்பியவர் அவர்.

அப்படிப்பட்டவரையே கவர்னர் நாற்காலி என்ன செய்தது? ராஜீவ் கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற நால்வரின் கருணை மனுக்களை 1999-ல் நிராகரித்தார். அமைச்சரவையின் ஆலோசனை இல்லாமல் செய்தது செல்லாது என்று உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. 2001 மே மாதம் ஜெயலலிதா அம்மையாருக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தார். பெரும்பான்மை அவர் பக்கம் இருந்தது, ஆனால் தண்டனைத் தீர்ப்பால் தேர்தலில் நிற்கும் தகுதி இல்லை. ஜூன் 30 நள்ளிரவுக்குப் பின் கலைஞர் கைதானார். கவர்னரைத் திரும்ப அழைக்கப் பரிந்துரைப்பது என்று மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. அம்மையார் ராஜினாமா செய்தார். செப்டம்பரில் அந்தப் பதவிப் பிரமாணமே செல்லாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. முப்பது ஆண்டுக்கு மேல் நீதிபதி வாழ்க்கையில் சம்பாதித்த பெயருக்கு நாலரை ஆண்டு ராஜ்பவன் பங்கம் செய்தது என்றுதான் நான் நினைக்கிறேன். 2023 நவம்பரில் அவர் மறைந்தபோது பத்திரிகைகள் முதல் பெண் நீதிபதி என்றே தலைப்புப் போட்டன, முன்னாள் கவர்னர் என்பது உள்ளே போயிற்று. 2024-ல் பத்மபூஷண் கொடுத்தார்கள்.

யூசுஃப் நபி (அலை) அவர்களுடைய சரித்திரம் உங்களுக்குத் தெரியும். அவர்கள் மிஸ்ர் நாட்டில் பொறுப்பேற்றார்கள். அரசர் அவர்களுடைய மார்க்கத்தார் அல்லர். ஆனால் அவர்கள் கேட்டது எது? நாட்டின் களஞ்சியப் பொறுப்பை. பஞ்சம் வரப்போகிறது, தானியத்தைக் காக்க வேண்டும், அந்த வேலை எனக்குத் தெரியும் என்று கேட்டார்கள். உஸ்மான் சாகிபுக்கு இரண்டும் வாய்த்தன. வைத்தியக் குழு அவருடைய களஞ்சியம். கவர்னர் பங்களா சும்மா மூன்று மாதம்.

காயிதே மில்லத் அவர்களுக்கு ராஜ்பவன் இல்லை. தோல் வியாபாரம் செய்தார்கள். 1946 முதல் 52 வரை சென்னைச் சட்டசபையில் எதிர்க்கட்சித் தலைவர். அரசியல் நிர்ணய சபையில் தமிழை ஆட்சிமொழியாக்க வேண்டும் என்று பேசியவர்கள். மஞ்சேரி மக்கள் 1962, 1967, 1971 என்று மூன்று முறை டெல்லிக்கு அனுப்பினார்கள். ஓட்டுப் போட்டவனுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். உஸ்மான் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது?

ஆகவே எனதருமைத் தம்பிக்கு நான் சொல்வது இதுதான். மரக்காணம் ஒரு பேரூராட்சி. வார்டு உறுப்பினருக்குத் தெருவிளக்கும் குடிநீரும் கையில் இருக்கின்றன. தொழிலாளர் நலவாரியத்தில் பெயர் பதியாதவர்கள் நம் ஆட்களில் எத்தனை பேர், பக்கத்துத் தெரு மீனவக் குடும்பத்தில், தலித் சகோதரர் குடும்பத்தில் எத்தனை பேர் என்று கணக்கெடுக்க ஒரு நோட்டும் நான்கு இளைஞர்களும் போதும். அந்த நோட்டில் யூனானிப் பக்கம் தனி, சித்தப் பக்கம் தனி என்று பிரிக்காதீர்கள். எல்லாப் பெயரையும் ஒரே நோட்டில் எழுதுங்கள். அடுத்த மாதம் நான் இந்த வழியாகப் புதுச்சேரி போகும்போது இறங்கிப் பார்க்கிறேன்.

மஃரிப் நேரம் நெருங்கிவிட்டது, மோதினார் கடிகாரத்தைப் பார்க்கிறார். இந்தப் பெருநாளைக்கு உஸ்மான் ரோட்டுக்குப் போகிறவர்கள் பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். பெயர்ப் பலகையைக் காட்டி அரும்பாக்கத்து ஆஸ்பத்திரியையும் சொல்லுங்கள், வேதாரண்யத்து மரக்கிளையையும் சொல்லுங்கள்.